மேனேஜரிடம் சொல்லக் கூடாதது

அந்த நாய்க்கு மடிந்திருந்தது இடது காதா, வலது காதா என்று இப்போது கேட்டால் உறுதியாகச் சொல்ல முடியாது. பழுப்பு நிறம் என்று ஞாபகம். ஆனால் லாண்டரிக்குள் நீராவியில் எல்லாமே கொஞ்சம் மங்கித்தான் தெரியும். சாம்பல் நிறமாகக்கூட இருந்திருக்கலாம். இதில் வரும் பேச்சில் பாதி, லாண்டரிக்காரர் மனைவியின் தம்பி வாயால் கேட்டது. அவன் வாயில் விழுந்த எதுவும் போன அளவிலேயே திரும்பி வந்ததில்லை. மீதியைக் கண்ணால் பார்த்ததாகத் தோன்றுகிறது. பார்த்ததையும் கேட்டதையும் சேர்த்துத் தைத்த இடம் எது என்று இத்தனை வருஷம் கழித்துத் தெரியவில்லை.

ஓட்டல்களுக்கும் ஒரு பிரசவ ஆஸ்பத்திரிக்கும் துணி வெளுத்துக் கொடுக்கும் லாண்டரி அது. தெருவிலிருந்து பார்த்தால் துருப்பிடித்த ஷட்டர் மட்டும் கண்ணில் படும். உள்ளே நீளமான கூடம். ஒரு சுவரோரம் வயிற்றைத் தள்ளிக்கொண்டு நிற்கும் வாஷிங் மெஷின்கள், எதிரே டிரையர், நடுவில், ஈர விரிப்பை இழுத்து அழுத்தி மறுபக்கம் சுடச்சுடத் தள்ளும் ரோலர். கூடத்தின் கோடியில் மடிக்கிற மேசை. மேசைக்குப் பின்னால் ஒரு கதவு, கதவுக்கு அந்தப் பக்கம் இரண்டு அறை வீடு, அதற்கும் பின்னால் தண்ணீர்த் தொட்டியும் கொடிக்கம்பிகளும். வெயில் காலத்தில் கூடத்தில் நின்றால் ஆளையே பிழிந்து போட்டதுபோல் ஆகிவிடும். மழைக்காலத்தில் கம்பியில் எதுவும் காயாது, டிரையர் ஓயாது, வீட்டுக்குள் படுத்தாலும் அதன் இரைச்சல் தலையணைக்கு அடியில் ஓடிக்கொண்டிருக்கும்.

லாண்டரிக்காரர் மெஷின் பக்கம். அவர் மனைவி ரோலர் பக்கம். அவளுடைய தம்பி வண்டி ஓட்டுவான். அழுக்கை அள்ளி வருவதும் வெளுத்ததைக் கொண்டுபோய்ப் போடுவதும் அவன் வேலை. தெருமுனையில் இருக்கும்போதே குரல் கேட்டுவிடும் என்பதால் அவனுக்கு ஹாரன் என்று பேர். வண்டியின் ஹாரன் கெட்டுப்போய் ரொம்ப நாளாயிற்று, அவன் அதைச் சரிபண்ணவே இல்லை என்பதும் ஒரு காரணம்.

ஒரு பெரிய விரிப்பை ஒற்றை ஆளாக மடிக்க முடியாது. மடிக்கலாம், ஓட்டல்காரன் திருப்பி அனுப்பிவிடுவான். ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்து உதற வேண்டும். பாதியாக மடித்து, ஒருவரை நோக்கி ஒருவர் நடந்து வந்து, தன் முனையை மற்றவர் கையில் கொடுத்து, கீழே தொங்கும் மடிப்பைப் பிடித்துக்கொண்டு பின்னால் போக வேண்டும். புருஷனும் பெண்டாட்டியும் நாள் முழுக்க இப்படி நடந்து வந்து, விரல் படுகிற தூரத்தில் நின்று, திரும்பிப் போனார்கள். ஒரு தடவைகூட ஒருவரோடொருவர் பேசிக்கொண்டதில்லை.

யாரோ ஒரு பெண்ணின் கல்யாணத் துணி கருகிப்போனதில் ஆரம்பித்தது என்பான் ஹாரன். இன்னொரு நாள், துணி கருகியதில் இல்லை, அது யார் கையில் கருகியது என்று அக்கா வாடிக்கைக்காரர் முன்னால் சொன்னதில்தான் என்பான். அதற்கு லாண்டரிக்காரர் பதிலுக்கு ஒரு வார்த்தை சொன்னாராம். அந்த வார்த்தை என்ன என்று மட்டும் ஹாரன் எந்த நாளும் சொன்னதில்லை. சொல்லாமல் விட்ட ஒரே விஷயம் அதுவாகத்தான் இருக்கும். அவர்களுக்குக் குழந்தை இல்லை. பிரசவ ஆஸ்பத்திரித் துணிகளை அதற்குப் பிறகு அவள் பிரித்துப் போடுவதில்லை. அவர்தான் பிரித்துப் போடுவார்.

நாய் வந்தது அந்த மௌனத்துக்குள்தான். ஓட்டலிலிருந்து வந்த அழுக்கு மூட்டையை அவிழ்த்தபோது நடுவில் ஒரு குட்டி தூங்கிக்கொண்டிருந்தது. மூட்டை கட்டியவன் ஹாரன். அவன் சத்தியம் செய்து தனக்குத் தெரியாது என்றான். குட்டி எழுந்து மூட்டை மேல் நின்று, முகவாயைத் தூக்கி, கூடத்தை ஒரு சுற்றுப் பார்த்தது. பார்த்துவிட்டு மடிக்கிற மேசைக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது.

"வேலை செய்யாம வேலை பாக்க வந்திருக்கான்," என்றான் ஹாரன். "மேனேஜர்."

அன்று சாயங்காலமோ மறுநாளோ, சலவைச் சோடா தீர்ந்திருந்தது. அதைச் சொல்லியாக வேண்டும். ஹாரன் வண்டியோடு போயிருந்தான். அவள் விரிப்பின் இரண்டு முனையைப் பிடித்துக்கொண்டு, கீழே பார்த்து, "மேனேஜர், சோடா தீர்ந்துபோச்சுன்னு சொல்லு," என்றாள். நாய் அவளைப் பார்த்தது. பிறகு எதிர்முனையில் நின்றவரைப் பார்த்தது. அவர் கொஞ்ச நேரம் விரிப்பின் ஓரத்தை நீவிக்கொண்டிருந்துவிட்டு, "நேத்தே தெரியும்னு சொல்லு மேனேஜர். வாங்கச் சொல்லியாச்சு," என்றார்.

அப்படி ஒரு வழி திறந்துகொண்டது. பிறகு எல்லாமே அந்த வழியாகத்தான் போய்வந்தது. சாப்பாடு ஆயிற்று என்பது, தலைவலி என்பது, பெல்ட் தேய்ந்துவிட்டது என்பது. சண்டைகூட அதன் வழியாகவே நடந்தது. "கேட்டியா மேனேஜர், நியாயத்தை," என்று அவள் ஆரம்பித்தால், "மேனேஜருக்கு எல்லாம் தெரியும், அவன்கிட்ட நடிக்க வேணாம்னு சொல்லு," என்று பதில் வரும். நாய் முதலில் பேசியவரைப் பார்க்கும், பிறகு தலையைத் திருப்பி மற்றவரைப் பார்க்கும். பேர் சொல்லிக் கூப்பிட்டால் ஓடி வர வேண்டும் என்று மற்ற நாய்கள் படித்திருக்கும். இதற்குத் தன் பேரைக் கேட்டால் எதிரில் இருப்பவரைத் திரும்பிப் பார்க்க வேண்டும் என்று படிந்துவிட்டது. சம்பளம் இல்லாமல் இரண்டு முதலாளிக்கு வேலை பார்க்கிறவன் ஊரிலேயே இவன் ஒருத்தன்தான் என்று ஹாரன் சொல்வான். அதற்கு மட்டும் இரண்டு பேரும் சிரிப்பார்கள், தனித்தனியாக.

அந்த வருஷம் வெயில் போக மறுத்தது. மழை வரும் வரும் என்று மேகம் கூடிக் கலைந்துகொண்டிருந்தது. நாய் சோர்ந்து கிடந்ததை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மனிதர்களே அப்படித்தான் கிடந்தார்கள். தட்டில் ரொட்டி மிஞ்சியது. வெக்கை என்று விட்டுவிட்டாள். வண்டி வந்தால் ஷட்டர்வரை போகிறவன் மேசைக்கு அடியிலிருந்தே வாலை ஆட்டினான். வயதாகிறது என்று விட்டுவிட்டாள். அவனுக்கு அப்படியொன்றும் வயதாகியிருக்கவில்லை.

ஒரு மத்தியானம் அவன் வாயைப் பிளந்து கொட்டாவி விட்டான். அவள் குனிந்து பார்த்தபடி இருந்தாள். பல்லைச் சுற்றியிருந்த ஈறு, வெளுத்து அலசி நீலம் போட்ட துணிபோல் இருந்தது. நாள் முழுக்க வெள்ளையைத் தேடிக்கொண்டிருக்கிற கண். மஞ்சள் இருக்கிறதா, கறை இருக்கிறதா என்றே பார்த்துப் பழகிய கண். அதற்கு அது அழகாகப் பட்டது.

"மேனேஜர் வாய் எவ்வளவு நல்லா வெளுத்திருக்கு பாருன்னு சொல்லு," என்றாள்.

நாய் திரும்பி அவரைப் பார்த்தது. அவர் மெஷினை விட்டு வந்து, குந்தி உட்கார்ந்து, உதட்டைத் தூக்கிப் பார்த்தார். "நம்ம கடை நாயில்ல மேனேஜர், பின்ன அழுக்காவா இருக்கும்?" என்று சொல்லிச் சிரித்தார். அவளும் சிரித்தாள். அந்தத் தடவை இரண்டு சிரிப்பும் ஒரே சமயத்தில் வந்தன. இரண்டு பேருக்கும் அது தெரிந்தது. அவர் எழுந்து போன பிறகும் அவளுக்குக் கொஞ்ச நேரம் வாயோரம் அந்தச் சிரிப்பு இருந்தது. ரோலரின் சூடு அன்றைக்கு அவ்வளவாகத் தெரியவில்லை என்றுகூட அவள் நினைத்தாள்.

கழுத்தடியில் கட்டி இருப்பதைக் கண்டுபிடித்தவன் ஹாரன். தாடைக்குக் கீழே சொறிந்துவிட்டவன் கையை எடுத்து, மறுபடி வைத்து, மறுபக்கமும் தொட்டுப் பார்த்தான். இரண்டு பக்கமும் கொட்டைபோல் உருண்டது. "டாக்டர்கிட்டக் கொண்டுபோகணும்," என்றான். அவன் குரலைக் குறைத்துப் பேசியதால்தான் அக்காவுக்குப் பயம் வந்தது.

கால்நடை டாக்டரம்மாவின் அறை ஒரு மாடிப்படிக்குக் கீழே இருந்தது. சின்ன வயசு, கண்ணுக்குக் கீழே கருவளையம், மேசையில் ஆடை படிந்த டீ. இரும்பு மேசைமேல் நாயைத் தூக்கி நிறுத்தினார்கள். எத்தனை நாளாகச் சாப்பிடவில்லை என்று அவள் கேட்டாள். லாண்டரிக்காரர் நாயைப் பார்த்து, "எப்பலேருந்து சோறு இறங்கலன்னு கேட்டுச் சொல்லு மேனேஜர்," என்றார். அவர் மனைவி நாயின் முதுகைப் பார்த்துக்கொண்டு, "வெயில் ஏறினதுலேருந்துன்னு சொல்லு," என்றாள். நாய் தளர்ந்து போன கழுத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பியது. டாக்டரம்மா ஸ்டெதஸ்கோப்பைக் காதிலிருந்து எடுத்து மூன்று பேரையும் பார்த்தாள். ஹாரன் சுவரில் ஒட்டியிருந்த பூனைப் படத்தைப் பார்த்தான்.

பிறகு டாக்டரம்மா நாயின் உதட்டைத் தூக்கினாள்.

"இந்த ஈறு எவ்வளவு நாளா இப்படி வெள்ளையா இருக்கு?"

ஒருவரும் வாய் திறக்கவில்லை. நாய் வழியாகவும் திறக்கவில்லை.

"ரோஸ் நிறத்துல இருக்கணும்," என்றாள் டாக்டரம்மா. "விரலால அமுக்கி எடுத்தா வெளுத்து, உடனே சிவக்கணும். இது சிவக்கவே இல்ல பாருங்க. உடம்புல ரத்தம் இல்ல." நாயைச் சாய்த்து வயிற்றைக் காட்டினாள். முடி குறைந்த இடத்தில், யாரோ சிவப்புப் பேனாவால் குத்தியதுபோல் புள்ளிகள். முன்னங்காலில் ஊசி போட்டு ரத்தம் எடுத்தாள். ஊசி எடுத்த இடம் வெகுநேரம் நிற்காமல் கசிந்தது. பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றவள் லாண்டரிக்காரரின் மனைவி.

அன்றைக்கே ஒரு பதில் வந்தது. பாதிப் பதில்தான். வெள்ளை அணுக்கள் இருக்க வேண்டியதைப்போலப் பல மடங்கு இருக்கின்றன. சிவப்பணுவும், ரத்தத்தை உறைய வைக்கும் தட்டணுவும் அதலபாதாளத்தில் இருக்கின்றன. ரத்தப் புற்றுநோய் என்றாள் டாக்டரம்மா. நாய்க்கும் வருமா என்று ஹாரன் கேட்டதற்கு வரும் என்றாள். எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜைதான் ரத்தம் ஊறுகிற இடம் என்றும், அங்கே வெள்ளை அணு விளைந்து முடிவதற்கு முன்பே பிஞ்சும் பூவுமாகக் கொட்ட ஆரம்பித்தால் மற்றவற்றுக்கு இடம் இருக்காது என்றும் சொன்னாள்.

லாண்டரிக்காரர் யோசித்தார். "மெஷின்ல அளவுக்கு மேல திணிச்சுட்டா தண்ணி சுத்த இடமிருக்காது. எதுவும் வெளுக்காது. அது மாதிரியா?"

"கிட்டத்தட்ட. ஆனா இதை நீங்க நிறுத்தி, பாதியை வெளிய எடுக்க முடியாது."

இதில் இரண்டு வகை உண்டு என்றாள். ஒன்று நிதானமானது, மாத்திரை கொடுத்துக்கொண்டு ஒரு வருஷம், இரண்டு வருஷம்கூட ஓட்டலாம். மற்றது வேகமானது, அதற்கு எதைக் கொடுத்தாலும் வாரக் கணக்குதான். எந்த வகை என்று சொல்ல, ரத்தத்தைப் பூசிய கண்ணாடித் தகட்டைப் பெரிய லேபுக்கு அனுப்ப வேண்டும். அவளுடைய சந்தேகம் எந்தப் பக்கம் என்று ஹாரன் கேட்டான். அவள் டீயின் ஆடையை ஒதுக்கிக்கொண்டே, வரட்டும் என்றாள்.

கேட்க வேண்டியவர்கள் கேட்க வேண்டியதைக் கேட்டார்கள். மனிதர்களுக்குத் தொற்றுமா என்றால் தொற்றாது. கடித்ததால் வந்ததா என்றால் இல்லை. லாண்டரிக்காரர் கடைசியாக, வாசலில் திரும்பி நின்று கேட்டார்: "ப்ளீச் டிரம் பக்கத்துலதான் படுப்பான். அதனாலயா?"

"தெரியலங்க. ஒரு நாய்க்கு எதனால வந்துச்சுன்னு யாராலயும் சொல்ல முடியாது. அதனால இல்லேன்னே நெனச்சுக்கங்க."

வண்டியில் திரும்பும்போது நாய் அவள் மடியில் தலை வைத்திருந்தது. அவள் மனம் டாக்டரம்மா சொன்ன எதிலும் நிற்கவில்லை. வாய் எவ்வளவு நல்லா வெளுத்திருக்கு பாரு. தன் குரல்தான். உதட்டைத் தூக்கிப் பார்த்துச் சிரித்தவர் முன்சீட்டில் இருந்தார். அவர் பிடரி அசையாமல் இருந்தது. அவருக்கும் அதே குரல்தான் கேட்டுக்கொண்டிருக்கும் என்று அவளுக்குத் தோன்றியது. அந்த ஒரு சிரிப்பையும் தொலைத்தாயிற்று.

லேப் பதில் வரும்வரை ஸ்டீராய்டு மாத்திரை. மாத்திரை உள்ளே போனதும் நாய்க்குப் பசி கிளம்பியது. ரொட்டி, முட்டை, கறித்துண்டு, எதை வைத்தாலும் தட்டு காலி. தண்ணீரை மாளாமல் குடித்தான், மாளாமல் வெளியே போனான். கழுத்துக் கட்டி சுருங்கியது. ஒரு காலையில் ஷட்டர்வரை நடந்துபோய் வண்டியைப் பார்த்துக் குரைத்தான். "மேனேஜர் டியூட்டிக்கு வந்துட்டான்," என்று ஹாரன் தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னான். லாண்டரிக்காரர் அன்று முகச்சவரம் செய்துகொண்டார். மழையும் அந்த வாரம்தான் பிடித்தது. "நிதானமான வகைன்னுதான் வரும்னு சொல்லு மேனேஜர்," என்றார் விரிப்பை உதறியபடி. "அப்படியே ஆகட்டும்னு சொல்லு," என்றாள். டாக்டரம்மா மாத்திரையில் கிடைக்கிற தெம்பை நம்ப வேண்டாம் என்று சொல்லித்தான் கொடுத்திருந்தாள். கேட்கும்போது எல்லாரும் தலையாட்டியிருந்தார்கள்.

மடித்து அடுக்கிய விரிப்புகளின் மேல் ரத்தச் சொட்டைப் பார்த்தது அவள்தான். பின்னங்காலில் எழுந்து நின்று மேசைமேல் முகவாயை வைத்திருந்தான், மூக்கிலிருந்து விழுந்திருந்தது. அந்த அடுக்கைத் தூக்கிக்கொண்டு பின்புறம் போனாள். ரத்தக் கறைக்குப் பச்சைத் தண்ணீர்தான். வெந்நீர் பட்டால் நூலோடு சேர்ந்துகொள்ளும். மழையில் நனைந்துகொண்டே தொட்டித் தண்ணீரில் ஒவ்வொன்றாகக் கசக்கினாள். கறை போயிற்று. திரும்பி வந்தபோது அவன் மேசைக்கு அடியில் படுத்திருந்தான். அதன் பிறகு அவன் ஷட்டர் பக்கம் போகவில்லை.

டாக்டரம்மா ஸ்கூட்டரில் லாண்டரிக்கே வந்தாள். மழைக்கோட்டைக் கழற்றக்கூட இல்லை. வேகமான வகைதான் என்று வந்திருக்கிறது என்றாள். ரத்தம் முழுக்க அந்தப் பிஞ்சு அணுக்கள்தான். மண்டியிட்டு நாயைப் பார்த்தாள். வயிற்றிலும் தொடையிலும் அடிபட்டதுபோல் ஊதாத் திட்டுகள். இனி எலும்பு வலி இருக்கும், மூச்சு வாங்கும், எங்கிருந்தாவது ரத்தம் போகும் என்றாள். ஊசி போட்டு ஒரேயடியாகத் தூங்க வைப்பது ஒன்று உண்டு, அதை நான் முடிவு பண்ண முடியாது என்றாள்.

"ரெண்டு பேரும் பேசி ஒரு முடிவு சொல்லுங்க. நாளைக்கே சொல்லணும்னு இல்ல. ஆனா ரொம்ப நாளும் இல்ல."

ரெண்டு பேரும் பேசி. ஸ்கூட்டர் சத்தம் தெருமுனையில் தேய்ந்து மறைந்தது. மேசையின் ஒரு பக்கம் அவரும் ஒரு பக்கம் அவளும் நின்றார்கள். நடுவில், தரையில், அவன்.

அவள் வாயெடுத்தாள். "மேனேஜர்," என்றாள்.

தரையோடு ஒட்டியிருந்த தலை அசைந்தது. முன்னங்காலை ஊன்றி, கழுத்து நடுங்க, தலையைத் தூக்கினான். அவளைப் பார்த்தான். மெல்லத் திரும்பி அவரைப் பார்த்தான். சொல்ல வேண்டியது என்ன என்று காத்திருந்தான். மூச்சு வாங்கியது.

அவளுக்கு அடுத்த சொல் வரவில்லை. இத்தனை வருஷமாக எதைத்தான் இவனிடம் சொல்லவில்லை? அரைத்தும் கடித்தும் துப்பிய எத்தனையோ பேச்சை இவன் தலைவழியாக எறிந்திருக்கிறாள். இந்த ஒன்றை எப்படி இவனிடமே சொல்லி அனுப்புவது? அவர் பக்கமும் உதடு அசைந்து நின்றுவிட்டது. "படு," என்றாள். அவன் உடனே படுக்கவில்லை. பதில் வரும் என்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அதற்குப் பிறகு அவள் அந்தப் பேரைச் சொல்வதை விட்டாள். பேர் சொன்னால் எழுவான், எழுந்தால் நோகும். அவரும் விட்டார். இருந்த ஒரு வழியும் அடைபட்டது. கூடத்தில் மெஷின் சத்தம் மட்டும் மிஞ்சியது. சோடா தீர்ந்ததை யாரும் சொல்லவில்லை. ரோலர் பெல்ட் நழுவுவதை அவள் சொல்லவில்லை. ஆஸ்பத்திரித் துணியைப் பிரித்து எந்தக் கூடையில் வைத்தேன் என்று அவர் சொல்லவில்லை. விரிப்பின் இரு முனைகளோடு நடந்து வந்தார்கள், கொடுத்தார்கள், திரும்பினார்கள்.

ஹாரன் ஒரு நாள் நனைந்த கோழியாக உள்ளே வந்து மூட்டையை மேசையில் போட்டான்.

"பச்சைக் கரை போட்டது ஆஸ்பத்திரித் துணி, ஓட்டல் மூட்டையில கட்டி அனுப்பியிருக்கீங்க. அதை ஓட்டல் கட்டில்ல விரிச்சிருக்கான். ஒரு கிழவர் படுத்து எந்திரிச்சு, தலைமாட்டுல பிரசவ வார்டுன்னு இருக்கேன்னு கேட்டிருக்கார். நான் என்ன பதில் சொல்றது, வாழ்த்துக்கள்னா?"

யாரும் சிரிக்கவில்லை.

லாண்டரிக்காரர் ஈரத் துணியைத் தோளிலிருந்து எடுத்துவிட்டு, மச்சினனைத் தனியாகக் கூப்பிட்டார். டாக்டர் கேட்டதற்கு உன் அக்கா என்ன நினைக்கிறாள் என்று கேட்டுச் சொல்லு என்றார். தனியாக என்றாலும் அந்தக் கூடத்தில் எது தனி? அவள் ரோலர் பக்கத்திலிருந்து, அவர் என்ன நினைக்கிறார்னு முதல்ல கேளுடா என்றாள்.

ஹாரன் இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்தான். பார்த்த விதம் அவனுக்கே உறைத்தது போலிருக்கிறது.

"நான் என்ன நாயா மாமா?" என்றான். சத்தமாக இல்லை. "அவன் செத்துக்கிட்டு இருக்கான். அவன் வேலையை என் தலையில கட்டாதீங்க. எனக்கு இவ்வளவு பொறுமை கெடையாது. அக்கா, நீயும் கேட்டுக்கோ. கேட்டாச்சுல்ல."

வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

மத்தியானம் மழை விட்டிருந்தது. கம்பிகளில் துணி இல்லை, நீர் வரிசையாகத் தொங்கியது. டிரையரின் பஞ்சு வலையைக் கழற்றி எடுத்துக்கொண்டு லாண்டரிக்காரர் பின்புறம் போனார். அதைத் தட்டி உதற அவர் எப்போதும் கூடத்து வாசலுக்குத்தான் போவார். அவள் ரோலரை அணைத்தாள். மேசைக்கு அடியில் பார்த்தாள். கண் மூடியிருந்தது, விலா ஏறி இறங்கியது. வீட்டின் இரண்டு அறையையும் தாண்டி, கதவைப் பின்னால் சாத்திவிட்டு, தொட்டியருகே வந்து நின்றாள்.

அவர் வலையிலிருந்து பஞ்சைக் கையால் உருட்டி எடுத்துக்கொண்டிருந்தார். அவள் வந்தது தெரிந்தும் நிமிரவில்லை.

அவரைக் கூப்பிட முன்பெல்லாம் வைத்திருந்த சொல் ஒன்று உண்டு. அதைத் தேடி எடுக்க வேண்டியிருந்தது.

"என்னங்க," என்றாள்.

அவர் கை நின்றது. அவள் காலடியைப் பார்த்தார். அங்கே யாரும் இல்லை. பழக்கத்தில் அவளும் அங்கேதான் பார்த்தாள்.

"கேக்காது," என்றாள். "கதவைச் சாத்திட்டேன்."

"தூங்குறானா?"

"ம்."

நேரே வந்த அந்தக் கேள்வியும் பதிலும் இரண்டு பேருக்குமே புதிய செருப்புபோல் இருந்தன. அவர் பஞ்சு உருண்டையைத் தொட்டி விளிம்பில் வைத்தார்.

"நீ சொல்றபடி செய்யலாம்," என்றார்.

"வேணாம். நான் சொல்றபடின்னு வேணாம். அப்புறம் இவதான் முடிச்சுவெச்சான்னு ஒரு நாள் வரும். நீங்க சொல்லுங்க. உங்க வாயால."

கம்பியிலிருந்து ஒரு சொட்டு அவர் கழுத்தில் விழுந்தது, துடைக்கவில்லை.

"இழுத்துக்கிட்டுக் கெடக்க வேணாம்," என்றார். "பார்க்க முடியல."

"எனக்கும் அதான்."

"நாளைக்கா?"

"நாளைக்கு வெச்சுக்கலாம். காலைல. மெஷினைப் போடுறதுக்கு முன்னாடி."

பேச்சு முடிந்துவிட்டது. உள்ளே போகலாம். அவள் போகவில்லை.

"அன்னைக்கு வாய் வெளுத்திருக்குன்னு சொன்னேனே."

"நானும் தூக்கிப் பார்த்தேனே. சிரிச்சேனே."

"முன்னாடியே கொண்டுபோயிருந்தா?"

"இந்த வகைக்கு முன்னாடி பின்னாடி கெடையாதாம். கேட்டேன்." அவர் எப்போது போய்க் கேட்டார் என்று அவளுக்குத் தெரியாது. "தனியாப் போயிக் கேட்டேன். எப்படியும் இதேதானாம்."

"நெசமாத்தான் சொல்றீங்களா, எனக்காகச் சொல்றீங்களா?"

அவர் முதல்முறையாக முகத்தைப் பார்த்தார். பிறகு, "கல்யாணத் துணி கருகின அன்னைக்கு நான் ஒண்ணு சொன்னேன்," என்று ஆரம்பித்தார்.

"அது இப்ப வேணாம்," என்றாள். "ஒண்ணு ஒண்ணாத்தான் முடியும்."

மறுநாள் டாக்டரம்மா வந்தாள். கீழே ஏதாவது பழைய துணி விரியுங்கள் என்றாள். பழைய துணிக்கு அங்கே பஞ்சமில்லை. லாண்டரிக்காரர் உள்ளே போய்த் தங்கள் கட்டிலில் கிடந்த விரிப்பை உருவிக்கொண்டு வந்தார். ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்துத் தரையில் இறக்கினார்கள். ஹாரன் நாயைத் தூக்கிவந்து கிடத்திவிட்டு, ஷட்டர் பக்கம் திரும்பி நின்றுகொண்டான். மெஷின்கள் எல்லாம் நின்றிருந்தன. அந்தக் கூடம் அவ்வளவு அமைதியாக இருக்கும் என்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள்.

முதலில் மயக்கத்துக்கு ஒன்று, பிறகு மற்றது என்றாள் டாக்டரம்மா. நரம்பைத் தேடுகையில், "கூப்பிடுங்க, பேசுங்க. தெரிஞ்ச குரல் கேட்டா நல்லது," என்றாள்.

இரண்டு பேரும் தயங்கினார்கள். அவள்தான் குனிந்தாள்.

"மேனேஜர்."

கண் திறந்தது. தலை ஒரு விரற்கடை உயர்ந்தது. அவளைப் பார்த்துவிட்டு, வழக்கம்போல், மெதுவாக, அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவரை நோக்கித் திரும்ப ஆரம்பித்தது. அவள் இரண்டு கையாலும் முகவாயைப் பிடித்துத் திரும்ப விடாமல் நிறுத்தினாள்.

"ஒண்ணும் சொல்ல வேணாம்," என்றாள். "நாங்க பேசிக்கிட்டோம். நீ படு."

ஊசி ஏறியது. தலை அவள் கைக்குள்ளேயே கனத்தது.

தொட்டிக்குப் பின்னால் புதைத்தார்கள். ப்ளீச் டிரம்மை அவர் வெளிக்கூரைக்குக் கீழே மாற்றினார். ஹாரன் பிறகு ஒரு பஸ் கம்பெனியில் சேர்ந்து, கல்யாணமாகி, வேறு ஊர் போனான். இப்போது குரல் கொஞ்சம் இறங்கியிருக்கிறது. டாக்டரம்மா மாடிப்படி அறையைக் காலி செய்து மேல்படிப்புக்குப் போனாள் என்று கேள்வி. லாண்டரிக்காரருக்கு முட்டி தேய்ந்துவிட்டது. மெஷின் பக்கம் ஒரு ஆள் வைத்திருக்கிறார்கள். அவள் இன்னும் ரோலரில் நிற்கிறாள், ஆஸ்பத்திரித் துணியையும் அவளே பிரித்துப் போடுகிறாள். கல்யாணத் துணி கருகிய அன்று அவர் சொன்னதைப் பற்றி அவர்கள் பேசினார்களா என்று தெரியாது. வேறு நாய் வளர்க்கவில்லை. மேனேஜர் இருந்தபோது பேசியதில் பாதிகூட இப்போது அவர்கள் பேசுவதில்லை. பேசுவதை நேரே பேசுகிறார்கள்.